வலஞ்சுழி, இடஞ்சுழி

நன்யூகி ஊருக்கு வெளியே
மஞ்சள் பலகை நட்ட இடத்தில்
பூமியை இரண்டாகப் பிளக்கிறது ஒரு கோடு.
அங்கேதான் என் பிழைப்பு:
அடியில் ஓட்டை போட்ட நீலப் பேசின்,
ஒரு குடம், இரண்டு தீக்குச்சி,
பத்தொன்பது வருடம்.

வேன் டிரைவர்கள் என்னைப் புரொபசர் என்பார்கள்.
படித்தது ஏழாவது.

வடக்கே இருபது தப்படி நடப்பேன்.
தண்ணீரை ஊற்றி, கூட்டத்தைப் பார்க்கிற சாக்கில்
வலத்தோள் பக்கமாய்த் திரும்புவேன்.
விரலை எடுத்தால்
தீக்குச்சி வலஞ்சுழி.
தெற்கே இருபது தப்படி,
இடத்தோள் பக்கம் ஒரு திரும்பல்,
இடஞ்சுழி.
கோட்டின் மேல் திரும்பவே மாட்டேன்.
தண்ணீர் நேரே இறங்கும்.
கைதட்டுவார்கள்.
கோட்டைத் தாண்டியதற்குச் சான்றிதழ் ஐந்நூறு ஷில்லிங்,
பெயர் எழுதி, முத்திரை குத்தி.

பொய் சொல்கிறேன் என்று நினைத்ததில்லை.
எனக்கு முன்னால் இங்கே நின்றவன் தோளைத் திருப்பினான்,
நானும் திருப்பினேன்.
செய்வது தோளா பூமியா என்று
பிரித்துப் பார்க்க நேரமில்லை,
அடுத்த வேன் வந்துவிடும்.

போன ஜூலையில் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து.
நாற்பத்தொரு பிள்ளைகள், பச்சை ஸ்வெட்டர்.
"எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும்"
என்றார் முதூரி வாத்தியார்.
நாற்பது பென்சில்கள் குனிந்தன.

ஒருத்தி எழுதவில்லை.
காரிமி என்று பிறகு தெரிந்தது.
எல்லோரும் தீக்குச்சியைப் பார்க்க
அவள் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசினைக் கீழே வையுங்கள்.
ஊற்றின கையைத் தண்ணீர் மறக்கட்டும்.
அப்புறம் திறங்கள்."

சிரித்துவிட்டேன்.
பேருந்து ஹாரன் அடித்தது.
எனக்கு அவசரம், வாத்தியாருக்கு அவசரம்.
அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட்லஸில் வடக்குப் புயலெல்லாம் இடஞ்சுழிதானே,
இவர் வலஞ்சுழி காட்டுகிறாரே" என்றான்
மூக்கொழுகும் ஒரு பொடியன்.
"புயல் இவரிடம் சான்றிதழ் வாங்கவில்லை போல."

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரோஷம் வந்தது.
சரி, பார்த்துவிடலாம்.
இரண்டு கல் மேல் பேசின்,
ஓட்டைக்கு யாரோ மென்ற சூயிங்கம்.
வடக்கே, அதே இருபதாம் தப்படியில்.

தண்ணீர் மறப்பதற்கு
இவ்வளவு நேரமாகும் என்று
பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியாது.
டிரைவர் தூங்கிப்போனார்.
மலையுச்சியில் மேகம் ஏறி, இறங்கி, ஏறியது.

முதல் தடவை நேரே இறங்கி,
கடைசியில் சோம்பலாய் ஓர் இடஞ்சுழி.
இரண்டாம் தடவை வலஞ்சுழி.
மூன்றாம் தடவை ஒன்றுமில்லை,
குச்சி இரண்டும் படுத்தபடியே போய்ச் சேர்ந்தன.

திட்டப்போகிறார் என்று வாத்தியாரைப் பார்த்தேன்.
அவர் பேசினைப் பார்த்தபடி,
"பன்னிரண்டு வருடமாய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்.
ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை" என்றார்.
பிறகு அவளிடம்,
"காற்று அடித்ததே, அதைக் கணக்கில் எடுத்தாயா?"

முகம் சுருங்கும் என்று நினைத்தேன்.
பரிசு வாங்கியவள் போல மலர்ந்துவிட்டது.
ஸ்வெட்டரைக் கழற்றிக்
காற்று வரும் பக்கம் விரித்துப் பிடித்தாள்.
மற்றவர்களும் கழற்றினார்கள்.
பேசினைச் சுற்றி ஒரு பச்சைச் சுவர்.
அதற்குள் மழை வந்துவிட்டது.

ஏறுமுன் அவள் நோட்டில் எழுதியதை
எட்டிப் பார்த்தேன்:
"மூன்று தடவை. போதாது."

யாரும் சான்றிதழ் வாங்கவில்லை.

இன்றும் நடக்கிறேன், இருபது தப்படி.
வீட்டில் இரண்டு வயிறு இருக்கிறது,
தோள் தானாகத் திரும்பிவிடுகிறது.
ஆனால் விரலை எடுக்குமுன் ஒரு கணம்
கூட்டத்தில் தேடுகிறேன்,
என் செருப்பைப் பார்க்கிற கண்
ஏதாவது உண்டா என்று.

அநேகமாய் இருக்காது.
அன்றைக்கெல்லாம் நல்ல வசூல்.