மூன்றாவது விசில்

புளியந்தோப்பில் எங்கள் மாடி அறையில்
டைல்ஸ் பதிக்க வந்த பையன்கள் ஐந்து பேர் இருந்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பார்கள்.
புத்ராய் முர்மு மட்டும் பாடுவான்,
கல்லில் சட்டையை அடித்து,
அடிக்கும் அடிக்கும் நடுவே
சொல்லைச் செருகி.

என்ன பாஷை என்று கேட்டேன்.
'ஹிந்தி இல்லே அக்கா' என்றான்.
அவனிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.

சமையலறை ஜன்னலில் போனை நீட்டிப் பதிந்தேன்.
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
இரண்டாம் அடி முடிந்து அவன் மூச்சு வாங்கும் இடத்தில்
என் குக்கர் மூன்றாவது விசிலை அடித்தது.
அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்தான்.
அதற்குள் சட்டை தீர்ந்து
அவன் பெட்ஷீட்டுக்குப் போய்விட்டான்.
பெட்ஷீட்டுக்கு வேறு பாட்டு.

கப்பலில் ஆயிலராக இருந்த தம்பி தேவசகாயத்துக்கு
அதை அனுப்பினேன்.
'இன்ஜின் ரூமில் எதுவும் காதில் விழாது,
இருந்தாலும் கேட்டேன்' என்று பதில் போட்டான்.
பிலிப்பைன்ஸ்காரக் குக்கு கேட்டு வாங்கிக்கொண்டானாம்.
மொம்பாசாவில் கயிறு கட்டுகிறவர்கள்
சீட்டியடித்தார்களாம்.
தேவசகாயம் கொஞ்சம் அளப்பான்.
பாதியைத்தான் நம்பினேன்.

ஆறு வருஷம்.
மாடியில் இப்போது ஒரு ஜிம் மாஸ்டர்.

போன செவ்வாய்க்கிழமை, கிரீம்ஸ் ரோடு,
காலை ஆறரை, வெறும் வயிற்று ரத்தம்.
சான்சிபாரிலிருந்து வந்த பையன், பெயர் மகாமே,
ஏழு வயது, இதயத்தில் ஓட்டை.
ரப்பர் பட்டையை இறுக்கி
நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.
அழாமல் இருக்க அவன் முனகினான்.

சொற்கள் வேறு.
நடையும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.
இரண்டாம் அடியின் முடிவில்
உதட்டைக் குவித்து, கண்ணை மூடி,
'உஸ்ஸ்ஸ்ஸ்...'

ஊசி என் கையிலேயே நின்றது.

அவன் அம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.
ஏஜென்ட் தூக்கக் கலக்கத்தில் சொன்னான்:
அவங்க தீவுப் பாட்டாம் மேடம்.
ரொம்பப் பழசாம்.
படகுல பாய் ஏத்தும்போது பாடுறதாம்.
அந்த எடத்துல காத்து வருதாம்.

நான் என்ன சொல்ல?
காற்று இல்லை தாயே, துவரம்பருப்பு என்றா?
முர்முவின் ஊரில்
அது எந்தக் கல்லிலிருந்து கிளம்பியதோ.
ஒருவேளை இவர்களுடையதுதானோ,
நான் ஒரு விசில் ஏற்றித்
திருப்பி அனுப்பினேனோ.

நரம்பு கிடைத்தது.
மூன்று குப்பி எடுத்தேன்.
பஞ்சை அழுத்திப் பிடி என்று சைகை காட்டினேன்.

மதிய இடைவேளையில்
புத்ராயின் பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தேன்.
உபயோகத்தில் இல்லை என்று
மூன்று மொழியில் சொன்னார்கள்.
அவனுடையது அதில் இல்லை.

இரவு குக்கர் முன்னால் நின்றேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதுக்கு அணைக்கக் கை போகவில்லை.
அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.
ஜன்னலுக்கு வெளியே
கொடியில் என் நைட்டி உப்பி
வடக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.
இரண்டு கிளிப்தான்
பிடித்துவைத்திருந்தன.