தானாபதிவிளை

தக்கலையில் இறங்கி, மினி பஸ் மாறி,
ரப்பர் பால் புளிக்கும் ஏற்றத்தில்
நாற்பத்தேழு நோட்டீஸோடு நடக்கிறேன்.
நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள்.
எடுப்பவர்கள் வரவில்லை.
நான் வந்திருக்கிறேன்.

வளைவில் ஊர்ப்பலகை.
கண்ணீர் அஞ்சலி ஒன்று தானாபதியின் காலை மறைத்திருக்க
ஒரு நிமிடம் அது பணக்காரன் ஊராகத் தெரிந்தது.

பெயரின் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது,
ஆளுக்கு ஒன்றாய்.
"தானா உண்டான பதி, பிள்ளே"
என்றார் சுயம்புராஜ், நெற்றியில் சுடர்போல நாமம்.
"தானமாக் குடுத்த பதி"
என்றார் சர்ச்சுக்கு ஓடு எண்ணிக்கொண்டிருந்த டென்னிசன்.
யார் கொடுத்தது என்றேன்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.

என் பையில் இருந்த நகல் மலையாளத்தில்.
மாவட்டம் பிரிந்து வந்தபோது
கூடவே வந்த காகிதம்:
ஸ்தானாபதி வக புரையிடம்.

ஸ்தானம், இடம்.
பதி, தலைவன்.
இடத்துக்குத் தலைவன் அல்ல.
தன் ராஜாவின் இடத்தில்
இன்னொரு ராஜாவின் முன்னால் நிற்பவன்.
தெற்கே வர வர நாக்கு அந்த 'ஸ்'ஸை
வாசலில் செருப்பைப்போல விட்டுவிட்டது.
வக்கீலுக்கும் அன்று இதே வேலை;
இன்று பத்மநாபபுரம் கோர்ட்டில் வாய்தா வாங்குகிறார்.

இடத்தைப் பட்டமாகச் சுமந்தவனுக்கு
எங்கேயும் சொந்த வாய் கிடையாது.
இந்த இரண்டு ஏக்கர் முப்பது சென்ட்டில்தான்
முதல்முறை தன் குரலில் பேசியிருப்பான்,
தென்னைக்குத் தண்ணி காணாது என்று.

பத்தொன்பதாவது நோட்டீஸ், தங்கலீலா.
படிக்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"ஒன்ன ஆரு அனுப்புனா?"
தாசில்தார்.
"அவர?"
டி.ஆர்.ஓ.
"அவர?"
சென்னை.
"சென்னைய?"
குடையை மடக்கினேன்.
"ஒனக்கே தெரியல்ல. இரி."

தூதனைக் கொல்லக் கூடாது என்பது பழைய விதி.
அவள் கட்டஞ்சாயா போட்டாள்,
கருப்பட்டி தனியே, உள்ளங்கையில்.
கோழி என் ஃபைலின் கயிற்றைக் கொத்தியது.

கையெழுத்துப் போடவில்லை.
"நான் சொல்லுகத அங்க சொல்லுவியா?"
நோட்டீஸுக்குத் திரும்பும் வழி கிடையாது.
ஆட்சேபம் என்ற கட்டத்தில்
இரண்டு அங்குலம் வெள்ளை இருக்கிறது, அவ்வளவுதான்.
எல்லைக்கல் பக்கம் நின்ற அயனியைக் காட்டிச் சொன்னாள்.
திருத்தாமல் எழுதிக்கொண்டேன்:

"எழுவது வருசம். ஆரும் நடல்ல.
ஆரும் அனுப்பாம வந்து நின்னது."

மேலே இதை ஏற்கமாட்டார்கள்.
இன்னும் இருபத்தெட்டு வீடு.
கடைசி மினி பஸ் ஐந்தே காலுக்கு.