அரைப்பேர்

மல்லியப்பூ சந்தி, மாடிக்கடை. ஹட்டனில் விடாத மழை.
கிளிப்பைத் திருப்பிப் போட்டால்
பதினோராம் செக்கனில் நிற்கிறது.

சந்தனகுமாரி பின்பக்கமாய் நடந்து
தராசடிக்கு வரும்வரை சரி.
'அரைப்பேர்' என்று எழுதினதைப்
பேனை உறிஞ்சத் தொடங்கினால்
உறைந்துவிடும்.

கேஷ் அழித்தேன். மூடித் திறந்தேன்.
சத்தத்தையும் பிரித்தேன்,
கணக்கப்பிள்ளையின் குரல் தலைகீழாய்
மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்ததை
மூன்று தரம் கேட்டுவிட்டு.

பிறகுதான் விளங்கியது.
போனில் ஒளித்துப் பிடித்த படம்.
பிரேம் ஒன்றும் முழுசாய் இல்லை,
முந்தினதிலிருந்து மாறினதை மட்டும்
குறித்து வைத்திருக்கிறது.
பின்னால் ஓர் அடி வைக்கவும்
முன்னுக்கு ஓடி
முதலிலிருந்து எண்ணி வரவேண்டும்.
பழைய கம்ப்யூட்டர், மூச்சு வாங்குகிறது.

ஒவ்வொரு பிரேமையும் முழுப்படமாக்கினேன்.
நாலு ஜிபி. நடுவில் கரண்ட் போய்,
திரும்ப முதலிலிருந்து.

இப்போது ஓடுகிறது.
எழுத்து பேனைக்குள் போய்
வெறுந்தாள்.
முள் நடுங்கி மேலேறுகிறது,
கொட்டின கொழுந்து
சாக்குக்குள் பாய்கிறது.
அதைத் தலையில் வைத்து
முதுகு முன்னால் போக
மலைக்குள் மறைகிறாள்.

காலையில் எடுக்க அவள் மகன் வருவான்.
பில்லில் பேர் எழுதிவிட்டேன்.
தொகை
இன்னும் போடவில்லை.