தண்ணீர் வராத குழாய்

பீலி மாற்ற வந்த யூட்தான் கண்டுபிடித்தான்:
வடக்குச் சுவரில் இரண்டு குழாய்.
ஒன்றில்தான் மழை இறங்குகிறது.
மற்றது இரு முனையும் மூடி, வெள்ளை பூசி
முப்பத்தொன்பது மாரி
வெளியே நனைந்து நின்றிருக்கிறது,
உள்ளே ஒரு சொட்டுப் படாமல்.

அறுத்ததும் இலுப்பெண்ணெய் மணந்தது.
அம்மாவின் வொயில் சேலை.
சேலைக்குள் துவக்கு.
குழல் வேறாக, கட்டை வேறாக,
மெழுகுத் துணியில் ஒன்பது தோட்டா.
அப்பப்பா பெயரில் ஒரு லைசென்ஸ் புத்தகம்:
வல்லிபுரம், மட்டுவில் வடக்கு.
காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.
கத்தரித் தோட்டம், குரங்குத் தொல்லை.

பெடியள் வந்து கேட்டபோது ஐயா சொன்னார்:
"கச்சேரியிலை ஒப்படைச்சாச்சு."
இந்தியன் ஆமிக்குச் சொன்னார்:
"பெடியள் கொண்டுபோட்டாங்கள்."
பிறகு வந்த ஆமிக்கு:
"இந்தியன் ஆமி கொண்டுபோட்டுது."
எல்லோரும் நம்பினார்கள்.
மற்றவன் கொண்டுபோவான் என்பதை நம்ப
ஒருவருக்கும் கஷ்டமிருக்கவில்லை.

நான் கூட்டுறவு வங்கியில் அடகுப் பகுதி.
இருபத்தாறு வருடமாக
மற்றவர் தாலிக்கொடியை நிறுத்துக் கொடுக்கிறவள்.
கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து
மிச்சத்துக்கு விலை சொல்லிவிடுவேன்.
இதைத் தராசில் வைக்க
எதைக் கழிப்பதென்று தெரியவில்லை.

யூட்டின் வாய் சும்மா இருக்குமா?
முழங்காவிலில் இருந்து பரஞ்சோதி என்று ஒருவர்.
"பண்டி உழுது தள்ளுது தங்கச்சி.
இரண்டிஞ்சி வாட்டர்பம்ப் தாறன், புதுசு.
மேலை முப்பதாயிரம்."
எனக்குப் பம்ப் வேண்டும்தான்.
கிணற்றடி வாழை எல்லாம் குலை தள்ளாமல் நிற்கிறது.

பேர்ணில் இருந்து கேதாரன்:
"வித்துப்போடாதை அக்கா, அது எங்கடை பரம்பரை."
வீடியோவில் காட்டு என்றான்.
காட்டினேன். அழுதான்.
அவன் வீட்டில் இதை வைக்க இடமில்லையாம்.

பொலிசில் கொடுக்கலாம்.
எங்கே இருந்தது, யார் வைத்தது,
இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை?
மூன்று கேள்விக்கும் ஒரே பதில்,
அவர் போன ஆனியில் எரிந்துவிட்டார்.

அன்றிரவு வந்த பெடியளில் ஒருவன் தயாபரன்.
எங்கள் தயாபரன்.
படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.
"ஐயா, துவக்கு" என்றான்,
அளந்து பேசுகிற புதுக் குரலில்.
"கச்சேரியிலை ஒப்படைச்சாச்சு."
நான் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஐயாவின் நகங்களில் வெள்ளை.
சுண்ணாம்பு என்று நினைத்தேன்.
ஐயா வெற்றிலை போடுவதில்லை.

பதினேழாம் நாள் அவனைக் கொண்டுவந்தார்கள்.
சென்றியில் நின்றவனிடம்
ஒரு விசில் மட்டும்தான் இருந்ததாம்.

ஒன்பது தோட்டாவால் என்ன ஆகியிருக்கும்?
ஒன்றும் ஆகியிருக்காது.
இதை ஐயாவும் சொல்லிப் பார்த்திருப்பார்,
ஒவ்வொரு மாரியும்
அந்தச் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து.
மழை பார்க்கிறார் என்று
நாங்கள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை பரஞ்சோதி எடுத்தார்.
லாண்ட்மாஸ்டரில் பம்பை ஏற்றியாகிவிட்டது என்றார்.
"பொலிசிலை குடுத்திட்டன் அண்ணை."
என் வாய்தான். யோசிக்கவே இல்லை.
அவர் நம்பினார். பொலிசைக் கொஞ்சம் ஏசினார்.
இரவு கேதாரனுக்குச் சொன்னேன்:
"முழங்காவிலார் ஒராள் கொண்டுபோட்டார்."
அவனும் நம்பினான்.
இரண்டு நாள் கதைக்கவில்லை.

சனிக்கிழமை சாவகச்சேரியில்
நாலு அங்குலக் குழாய், ஆறடி.
"இரண்டு பக்கத்துக்கும் மூடி தாங்கோ."
கடைப் பெடியன் பில் எழுதுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான்.
"இரண்டு பக்கமும் மூடினால், அக்கா,
தண்ணி எங்காலை போறது?"