முதுகுவலிக் கணக்கு

உலான்பாத்தரில் நவம்பர்.
நிலக்கரிப் புகை
மத்தியானம் மூன்று மணியையே சாயங்காலமாக்கிவிட்டது.
பள்ளிக் காப்பீட்டைப் புதுப்பிக்க
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தரகரின் மின்னஞ்சலில்
'பிரீமியம் பதினெட்டு விழுக்காடு கூடும்' என்ற வரி
வணக்கத்துக்கும் வாழ்த்துக்கும் நடுவே
வாலைச் சுருட்டிப் படுத்திருக்கிறது.
இல்லையென்றால், என்கிறார்,
மனநலப் பிரிவைக் கொஞ்சம் இளைக்க வைக்கலாம்.

இளைக்க வைக்கலாம்.
ஏதோ தின்று கொழுத்த ஆடு மாதிரி.

மூன்று வருஷத்துக்கு முன்பும் இளைத்தது.
இளைக்க வைத்தவள் நான்தான்.
வரம்பில்லாமல் இருந்ததை
வருஷத்துக்குப் பத்து அமர்வு என்றாக்கினேன்.
செலவு இறங்கியது.
நிர்வாகக் குழு மேசையைத் தட்டியது.
அந்த வருஷம்
ஆசிரியர்களுக்கெல்லாம் முதுகு வலித்தது.

இயன்முறை சிகிச்சைக்கு வரம்பில்லை, பாருங்கள்.
இசை ஆசிரியர் கெதினுக்கு இடுப்பு.
இயற்பியல்காரருக்கு இரண்டு தோளும்.
பாலர் வகுப்பு லுஸ்விமிண்டாவுக்குக் கழுத்து:
மணிலாவில் மகன் முதல்நாள் வகுப்புக்குப் போனதை
யாரோ பெற்ற நாலு வயதுகளுக்கு
மூக்குத் துடைத்துக்கொண்டே
கைபேசியில் பார்த்த வாரத்திலிருந்து.
கிளினிக்கில் உயாங்கா என்றொரு பெண்,
தைலம் தடவியபின் அழுத்துவதில்லையாம்,
கையை வெறுமனே வைத்திருப்பாளாம்
நாற்பது நிமிஷம்.
ரசீதில்: கீழ்முதுகு.

கூட்டிப் பார்த்தேன்.
மனதில் மிச்சம் பிடித்ததெல்லாம்
முதுகு வழியாகப் போயிருந்தது,
மேலே கொஞ்சம் சில்லறையும் சேர்த்து.

இதெல்லாம் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் கதை.
கோப்பின் இரண்டாம் தாளில்
எங்கள் ஊர்க்காரர்கள்.
சமையல், காவல், பேருந்து, கணக்கு.
மனநலம் என்ற கட்டத்தில் அவர்களுக்கு ஒரு கோடு.
பூஜ்யம்கூட இல்லை.
கோடு.

ஏழாம் எண் பேருந்து தோர்ஜ்பாலமுடையது.
போன ஜனவரியில் பனியில் சறுக்கி
தூல் ஆற்றுப் பாலத்துச் சுவரை உரசி நின்றது.
உள்ளே பதினொரு பிள்ளைகள்.
ஒருவர் மேலும் கீறல் இல்லை.
வண்டிக்குக் காப்பீடு உண்டு,
புது பம்பர் பத்தே நாளில் வந்தது.
அவர் மட்டும் இன்றைக்கும்
பாலத்துக்கு முன்னால் நிறுத்தி
இறங்கி
அக்கரைவரை பார்த்துவிட்டு
ஏறுகிறார்.
தாமதம் என்று பெற்றோரிடமிருந்து நான்கு புகார்.
முதுகு வலிக்கிறது என்றும் சொல்ல முடியாது அவரால்.
முதுகுக்கும் அந்தத் தாளில் கோடுதான்.

பத்தை ஆறாக்கினால்
இரண்டாம் தாளில் மூன்று எழுதலாம்.
கண்ணாடிச் சட்டத்துக்கான தொகையை எடுத்தால், நான்கு.
அவசர விமானத்தில் சொகுசு இருக்கையை எடுத்தால், ஐந்து
(அதற்கு முதல்வரின் கையெழுத்து வேண்டும்,
அந்த இருக்கை அவருடையது).

கெதினிடம் சொன்னேன்.
"நியாயம்தான்" என்றார். நல்ல மனிதர்.
படியிறங்கும்போது திரும்பி,
"ஆறு என்றால் பிப்ரவரிவரை தாங்கும்" என்றார்.
இங்கே குளிர்
ஏப்ரல்வரை.
என்னிடம் பதில் இல்லை. இருக்கிற மாதிரி
தலையாட்டினேன்.

என் பெயர் எந்தத் தாளில் என்று கேட்கவில்லையே நீங்கள்.
இரண்டாவதில், கணக்கு, வரிசை பதினான்கு.
செவ்வாய்தோறும் வேறொரு தெருவில்
அறுபதாயிரம் துக்ரிக் எண்ணிக் கொடுத்து
அரைமணி பேசிவிட்டு
ரசீது வேண்டாம் என்று வந்துவிடுகிறேன்.
கணக்கெழுதுகிறவள் கணக்கில் வராமல்
இப்படித்தான் ஓடுகிறது.

வெள்ளி, நாலரை.
ஆறு. ஐந்து. அனுப்பிவிட்டேன்.
முதல்வர் கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

தரகர் உடனே கேட்டார்:
இரண்டாம் தாளில் கோட்டுக்குப் பதில் எண் இருக்கிறதே,
தட்டச்சுப் பிழையா?

இல்லை என்று எழுதிவிட்டு
நாற்காலியிலிருந்து எழுந்தேன்.
இடுப்பில் சுரீர் என்றது.

நிஜ வலி.
சத்தியமாக முதுகுதான்.
யார் நம்புவார்கள்.