மூன்றடைப்பு, இரவு பதினொன்றரை

பகல் முழுக்க நான் கேட்கிற கேள்வியை
வண்ணார்பேட்டையில் பீர் மைதீன் என்னிடம் கேட்டார்:
"இது தேவலையா, அது தேவலையா?"
கண் ஆஸ்பத்திரி இருட்டறையில்
சில்லை மாற்றி மாற்றிப் போட்டு நான் கேட்பேன்.
ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு டாக்டர் என்பார்கள்.
நான் டாக்டர் இல்லை.

மேசையில் மூன்று பெட்டி.
ஒரு ஜோடிச் செருப்பின் விலையிலிருந்து
என் அரைமாதச் சம்பளம் வரைக்கும்.

முதலாவது, கம்பெனி பேட்.
வாய் திறக்காத பிள்ளை.
விடியற்காலை கொக்கிரகுளம் பாலத்தில்
தூறல் நனைத்த டிஸ்க்கையும் சட்டென்று கவ்வும்.
அதோடுதான் போன தை மாதம் கோயம்புத்தூர் டிராக்குக்குப் போனேன்.
நாலாவது சுற்று, நேர்பாதையின் கடைசி,
நூற்று நாற்பதில் மிதித்தேன்.
மிதி கல்லாய் நின்றது. வண்டி நிற்கவில்லை.
ஆயில் கொதித்திருந்தால் பஞ்சாய் இறங்கியிருக்கும்.
இது வேறு, பேட் வெந்துவிட்டது.
மண்ணில் இறங்கி
டயர் அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்று,
கருகிய பிசின் வாசத்தில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
அந்த ஒரு முழத்தை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
பீர் மைதீனிடம், "லேசா மங்குது பாய்" என்றேன்.

இரண்டாவது, கறுப்புப் பெட்டி.
எழுநூறு டிகிரி தாங்கும்.
ஆனால் சூடேறினால்தான் அதற்குக் கண் தெரியும்.
மேலப்பாளையம் சந்தை நாளில்
லாரியிலிருந்து குதிக்கிற கிடாய்
அது சூடேறும்வரை காத்திருக்காது.
"டிஸ்க்கையும் சேத்துத் தின்னுரும்" என்றார்.

"வருசத்துல எத்தன நாள் டிராக்கு?"
"ரெண்டு."
"மிச்சம்?"
மிச்சம் முந்நூற்று அறுபத்து மூன்று நாளும்
ஜங்ஷன் சிக்னலில் ஆட்டோவுக்கு வழிவிடுகிற,
பழைய ஸ்விப்ட் வைத்திருக்கிற ஒருத்தி.
அந்த ரெண்டு நாளுக்காகவா இத்தனையும் என்று கேட்டிருந்தால்
ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.
கேட்கவில்லை. விரலால் மூன்றாவது பெட்டியைத் தள்ளினார்.

குளிரில் கொஞ்சம் கவ்வும், கொதிப்பில் கொஞ்சம் தாங்கும்.
ரிம்மில் கரித்தூள் அப்பும். கிறீச்சிடும்.
"நாலு பேரு நிக்கிற எடத்துல மானத்த வாங்கும், பாத்துக்கிடுங்க."
டிராக்கில் நாலு சுற்று ஓட்டம்,
ஐந்தாவது சுற்று ஆற்றல்.
பலம் என்ற பொருளில் இல்லை,
பாலை ஆற்றுவது போல.

மாட்டியது பாதி வேலை. புதுப் பேடைப் பழக்க வேண்டும்.
எண்பதிலிருந்து இருபதுக்கு, பத்து தடவை,
நடுவில் நின்றுவிடக் கூடாது.
நின்றால் டிஸ்க்கில் அந்த இடத்தில் தழும்பு விழும்,
பிறகு ஆயுசுக்கும் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும்.

நாங்குநேரி ரோடு. தெற்கே காற்றாலைகளின் சிவப்புப் பொட்டுகள்.
எண்பது. இருபது.
எண்பது. இருபது.
பின்னால் வந்த முட்டை லாரி
திட்டிக்கொண்டே தாண்டிப் போனது.
ஏழு முடிந்தபோது
மூன்றடைப்பு விலக்கில் ஒரு டார்ச், குறுக்கே ஒரு கை.

நிற்கவில்லை. முதல் கியரில் நகர்த்தினேன்.
கான்ஸ்டபிள் ஜன்னலுக்குள் குனிந்தபடி
கூடவே நடந்து வந்தார்.
"முன்னால ஒரு ஈ காக்கா இல்ல,
எதுக்கும்மா பிரேக்க அடிச்சு அடிச்சு வாரீய?"
"பழக்குதேன் சார்."
"யார?"
வண்டி வயிறு நிறைந்த மாடுபோல் போனது.
அவரும் போனார். முன்சக்கரத்திலிருந்து மெல்லிசாய்ப் புகை.
"மொதல்ல நிறுத்துங்க."
"நிறுத்துறதுக்குத்தான் சார்
நிறுத்தாம ஓட்டுதேன்."
மூக்கைச் சுளித்தார். மூச்சு வாங்கியது.
பத்தடி யோசித்தார்.
"இன்னும் எத்தன இருக்கு?"
"மூணு."
திரும்பி ஊர்ப்பலகையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
டார்ச்சை அணைத்தார்.