வேப்பெண்ணெய் கலக்காத பசை

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிர் மதிலில் ஒட்டிய
உங்கள் கண்ணீர் அஞ்சலியை
விடியுமுன் மான்கள் தின்றுவிட்டன, மனேஜர்.

கோதுமை மாப்பசை.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவரும் அவற்றுக்கு
அது எவ்வளவு பிடிக்குமென்று
ஊருக்கே தெரியும்.
வாளிக்குள் ஒரு மூடி வேப்பெண்ணெய் விடவேணுமென்பது
உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது,
முப்பத்தொரு வருசமாய்.

படம் தப்பியது, மானுக்கு எட்டாத உயரம்.
‘கிழக்கலை இசைக்குழுவின் முகாமையாளர்
சிற்றம்பலம் நவமணிராசா’
அதுவரையும் தப்பியது.
கீழே இருந்த நாளும் நேரமும்
ஏதோ ஒரு மானின் வயிற்றில்.

கிழக்கலை என்றால் அலையா, கலையா?
கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்:
“அட்வான்ஸ் தந்தால் ரெண்டும்.”

உங்களுக்குப் பாட வராது.
சுருதி எது, ஸ்பீக்கரின் இரைச்சல் எது என்று
பிரித்துச் சொல்லவும் வராது.
நாங்கள் பாடும்போது மேடைக்குப் பின்னால்
ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் நின்று
அதைத்தான் கேட்டீர்கள்.
அது ஒருதரம் இருமினால்
தபேலா லத்தீப் தடுமாறுமுன்பே
உங்கள் முகம் தாளம் தப்பும்.

பாலையூற்றுச் சென்ரியில்
பெரிய டிரம்மைத் தட்டி ஒருவன் கேட்டான்,
உள்ளே என்ன?
“சத்தம்” என்றீர்கள்.
வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்றோம்.
அடுத்த கிழமையும் அதே கேள்வி.
“ஒன்றுமில்லை” என்றீர்கள். விட்டுவிட்டான்.
லொறி நகர்ந்தபிறகு மெல்லமாய்,
“ரெண்டும் பொய்யில்லைத்தானே, தங்கச்சி?”

நான் இரண்டாம் குரல்.
நோட்டீசில் ‘மற்றும் பலர்’ என்பதில் பாதி நான்.
கவர் மட்டும் முதலில் எனக்கு வரும்,
அன்ரனிற்றா செபமாலை என்று
ஓர் எழுத்தும் விடாமல்.
நள்ளிரவில் லொறி முதலில் நிற்பதும்
எங்கள் ஒழுங்கை முகப்பில்தான்.
அம்மா கதவு திறக்கும்வரை
லைற்றை அணைக்க விடமாட்டீர்கள்.

ஆனாலும்
அப்பா செத்த எட்டாம் நாள்
கிண்ணியாக் கலியாணத்தில் என்னைப் பாடவைத்தீர்கள்.
அட்வான்ஸ் வாங்கியாச்சு என்றீர்கள்.
அன்றைய கவரில் ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை.
அதை நான் மன்னிக்கவில்லை.
செத்துவிட்டீர்கள் என்பதற்காக
இப்போதும் இல்லை.

நேரம் தெரியாமல் எல்லோரும்
உங்கள் போனுக்கே எடுத்தார்கள்.
மகள் பதில் சொல்ல முடியாமல் அழுது
அதை என் கையில் தந்தாள்.
மூதூரில் லோஞ்சுக்கு நின்ற லத்தீப்,
சாம்பல்தீவிலிருந்து பேஸ் கிற்றார் ரூபகாந்தன்,
உங்களோடு சண்டைபிடித்துப் போய்
வேறு குழு தொடங்கிய அந்த ஆள்கூட.
“எத்தனை மணிக்கு எடுப்பினம்?”

மூன்று மணிக்கு.
“ரெண்டரைக்கு” என்றேன்.
யாருடைய வாய் அது?
மூன்றை ரெண்டரை என்று சொல்வது நீங்கள்.
ரெண்டரையை மூன்று என்று எடுப்பது நாங்கள்.
இந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

வந்தார்கள்,
மூன்றுக்கு ஐந்து நிமிசம் இருக்க,
ஒருவரும் குறையாமல்.
பாண்ட்காரர் மட்டும் பிந்தினார்கள்.
அவர்கள் உங்களிடம் வேலை செய்தவர்களில்லை.

நாளைக்கு முப்பத்தோராம் நாள்.
நோட்டீஸ் அடித்து வந்துவிட்டது.
ரூபகாந்தன் பசை காய்ச்சுகிறான்,
நான் வேப்பெண்ணெய்ப் போத்தலோடு
வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன்.
ஒரு மூடி என்பீர்கள்.
எந்தப் போத்தலின் மூடி என்று
நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.